ஏலத்தில் எடுத்த கடை

1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள். சேலம் மாவட்டம் முழுவதும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. சென்னை மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாகக் காலடி வைத்த மண் சேலத்து மண்தான். அன்று திருச்செங்கோடு வட்டத்தைச் சேர்ந்திருந்த பள்ளிபாளையமும் அந்த மண்ணில் அடங்கியதே. ஆனால் பள்ளிபாளையத்தின் எல்லை காவிரி. அக்கரையில் இருப்பது ஈரோடு. ஈரோடு அன்று கோவை மாவட்டம். அந்த மாவட்டத்திற்குச் சட்டம் வரவில்லை. இக்கரையில் ஒரு மொந்தைக் கள் குற்றம். அக்கரையில் அதே மொந்தை அரசாங்கத்தின் வருமானம்! ஒரே ஆறு, ஒரே மாகாணம், ஒரே அமைச்சரவை. கள்ளுக்கு மட்டும் கரைக்கொரு நீதி.

அந்தக் கரையில் அமர்ந்து அண்மையில் ஒரு முதியவருடன் பேசிக்கொண்டிருந்தேன். 1981 முதல் 1986 முடியக் கள்ளுக்கடை ஏலம் எடுத்து நடத்தியவர். வயது எண்பதை நெருங்குகிறது. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “பேத்திக்கு இன்னும் கல்யாணம் ஆகோணுமுங்க” என்று அதற்குக் காரணமும் சொன்னார். கடை மூடி நாற்பது ஆண்டு ஆகப்போகிறது. பழி இன்னும் மூடவில்லை!

மதுவைப் பற்றி மருத்துவர் பேசுவர், மதகுரு பேசுவர், மந்திரி பேசுவார். விற்றவன் என்ன நினைக்கிறான் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டேன். அவர் சொன்ன முதல் வாக்கியமே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

“என்னையும் குடிக்கறவனையும் சேர்த்துக் கெடுத்தது ஏலமுங்க தம்பி.”

அது என்ன ஏலம்? வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம்.

தமிழன் கள்ளுண்டான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தகடூர் அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்துண்ட செய்தி புறநானூற்றிலேயே இருக்கிறது. அந்தத் தகடூராகிய தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த பகுதிதான். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் என்றால், கண்டிக்கும் அளவுக்குக் குடி இருந்தது என்பதே பொருள். ஆண்டவர்கள் அதன்மீது வரி போட்டதும் பழங்கதை. பல்லவர் செப்பேடுகளில் ஈழம்பூட்சி என்ற வரி வருகிறது, கள்ளிறக்குவோர் கட்டிய வரி அது. ஆகவே “வெள்ளையன்தான் குடிக்கக் கற்றுக்கொடுத்தான்” என்று மேடையில் முழங்குவது கைதட்டல் வாங்கித் தரும், வரலாறு ஆகாது.

வெள்ளையன் கற்றுக்கொடுத்தது வேறு. மிகுதியாகக் கேட்பவனுக்கே கடை என்னும் முறையை ஊர்தோறும் கொண்டுசென்று, அதற்கு இலாகா ஒன்றை அமைத்து, ஆண்டுதோறும் வருவாய் ஏற வேண்டும் என்பதையே அந்த இலாகாவின் இலட்சியமாக்கினான். ஆப்காரி என்ற பெயர் இன்றும் முதியவர்கள் வாயில் வழங்குகிறது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் இந்த அமைப்புக்கு முதுகெலும்பு. மரத்துக்கு மரம் வரி. கடைக்குக் கடை ஏலம். சாராயம் காய்ச்சும் உரிமை நாட்டுப்புறத்து அடுப்புகளிலிருந்து பறிக்கப்பட்டுப் பெரிய ஆலைகளுக்குப் போயிற்று. நெல்லிக்குப்பத்து ஆலை அவற்றுள் ஒன்று. 1937இல் காங்கிரஸ் பதவி ஏற்றபோது மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த ஆப்காரி வருவாய்தான். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்த காசில் கால்பங்கு கள்ளுப்பானையிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையன் போனான்; ஏலம் போகவில்லை. 1981இல் கடைகள் திறக்கப்பட்டபோது அதே முறைதான் புதிய விதிகளின் பெயரால் திரும்பி வந்தது. முதியவர் அதை விளக்கினார். ஏலத்தன்று போட்டி. பக்கத்து ஊர்க்காரன் ஒருபடி ஏற்றிக் கேட்பான். மானத்துக்காக இவர் இரண்டு படி ஏற்றுவார். கடை கைக்கு வந்ததும் மாதாமாதம் கிஸ்தி. மழை பெய்ததா, பாளை சுரந்ததா, தறி ஓடியதா என்று கிஸ்தி கேட்காது. கள்ளோ அன்றன்றைக்கு விற்றாக வேண்டிய சரக்கு. காலையில் இறக்கியது மறுநாள் புளித்து நாறும். துணியைப்போல் மடித்து வைக்க முடியாது.

“அப்புறம் என்ன செய்வீர்கள்?”

“மூணு வழிதானுங்க. வராதவனை வர வைக்கோணும். காசில்லாதவனுக்குக் கடன் எழுதோணும். பானையில கை வைக்கோணும்.”

ஒளிவு மறைவில்லாத பதில்! பானையில் கை வைப்பது என்றால் கலப்படம். தண்ணீரில் தொடங்கும், போதை குறைந்தது என்று வாடிக்கைக்காரன் முகம் சுளித்தால் மயக்க மருந்தில் முடியும். குளோரல் ஹைட்ரேட் என்னும் தூக்க மருந்து கள்ளுக்கடைகளில் புழங்கியது ஊரறிந்த உண்மை. தம் கடையில் தண்ணீர் கலந்ததுண்டு, மருந்து கலந்ததில்லை என்றார் அவர். அதை நான் நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. கடன் எழுதியதை மட்டும் தயக்கமின்றி ஒப்புக்கொண்டார். விசைத்தறிக்காரனுக்கு வாரக் கூலி. கூலி வாங்கும் நாளில் கணக்குநோட்டு திறக்கும். கூலியில் பாதி வீட்டுக்குப் போகுமுன் நோட்டுக்குப் போகும்.

“புருசன் கூலியைக் கேட்டுக்கொண்டு பெண்கள் கடைக்கு வந்ததுண்டா?” என்றேன்.

நெடுநேரம் ஆற்றையே பார்த்தார்.

“வந்தாங்க. நோட்டைக் காட்டி அனுப்பிச்சேன்.”

அதற்குமேல் அதைப்பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கரையில் 1921இல் நடந்ததை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியுமா? ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். தலைமை ஏற்ற ஈ. வெ. ராமசாமி, சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான தோப்பில் கள்ளுக்கு விடப்பட்ட 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவர் சிறை சென்றபின் மறியலை நடத்தியவர்கள் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். மறியலை நிறுத்துவது தம் கையில் இல்லை, ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்மணிகளின் கையில் இருக்கிறது என்று காந்தியார் கூறியதாக இயக்க வரலாறு சொல்லும். கடைக்கு முன் நின்று கணக்குநோட்டைப் பார்த்துத் திரும்பிய பெண்கள் எத்தனையோ பேர். கடையையே மூடச்சொல்லி நின்ற பெண்கள் அந்த இருவர்.

அதே பெரியார் பிற்காலத்தில் சட்டத்தின் மூலம் திணிக்கப்படும் மதுவிலக்கை ஏற்கவில்லை. கண்டித்து எழுதினார், பேசினார். முரண்பாடு என்று கொக்கரிப்பவர் உண்டு. முரண்பாடு எங்கே இருக்கிறது? தன் மரத்தைத் தானே வெட்டுவது தியாகம். பிறன் மரத்தருகே போலீஸ்காரனை நிறுத்துவது ஆட்சி. முன்னதைச் செய்தவர் பின்னதைச் சந்தேகிப்பதற்கு எல்லா உரிமையும் உடையவர். ஆயினும் ஒன்று சொல்வேன். அந்த 500 தென்னைகள் செய்த பிழை எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குற்றவாளி ஏலச்சீட்டு, தண்டனை பெற்றது மரம். அந்தப் பழக்கம் பின்னும் தொடர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

ஆச்சாரியாருக்கு வருவோம். அவருடைய அரசியலில் நமக்கு ஒவ்வாதவை பல. மதுவிலக்கில் அவருக்கிருந்த பற்றைப் போலி என்று சொன்னால் நாமே பொய்யராவோம். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்து, அங்கிருந்து விமோசனம் என்ற மதுவிலக்கு இதழையே நடத்தினார். கல்கி அதில் துணை நின்றார். முதன்முதலில் சேலத்தைத் தேர்ந்ததற்கு அவர் வழக்கறிஞராகவும் நகரமன்றத் தலைவராகவும் இருந்த ஊர் அது என்பதும், பல ஆண்டு பிரசாரம் அங்கே மண்ணைப் பண்படுத்தியிருந்தது என்பதும் காரணமாகலாம். மரமேறிகள் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சக் கூட்டுறவுச் சங்கங்கள் கூட அமைந்தன.

ஆனால் கால்பங்கு வருவாய்க்கு ஈடு எங்கே? 1939இல் பொது விற்பனை வரி பிறந்தது. இந்திய மாகாணங்களில் அத்தகைய வரி அதுவே முதல். குடிப்பவனிடம் வாங்கியதைக் குடிக்காதவனிடமும் வாங்கத் தொடங்கினார்கள். உப்பும் புளியும் வாங்குகிற குடும்பத்தின் தலையிலும் அது கடைசியில் வந்து இறங்கியது. வணிகர்கள் கூச்சலிட்டனர். கூச்சல் அடங்கியது, வரி நிலைத்தது. பிறகு குடி திரும்பி வந்தபோது வரி விலகிக்கொண்டதா? இல்லை! இன்று மதுவால் வரும் அரசு வருவாயில் பெரும்பகுதி அந்த விற்பனை வரியின் வழித்தோன்றலாகிய மதிப்புக்கூட்டு வரிதான். மதுவை ஒழிக்கப் பிறந்த பிள்ளை மதுவின் தோளிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மதுவிலக்கு 1938இல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939இல் வடாற்காட்டுக்கும் பரவியது. இரண்டாம் உலகப்போரின்போது ஆளுநரின் ஆலோசகர் ஆட்சி அதை நிறுத்தி வைத்தது. போருக்குப்பின் மீண்டது, ஓமந்தூரார் ஆட்சியில் 1948ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் விரிந்தது. காவிரியின் இரு கரைக்கும் ஒரே சட்டம் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் உடல்நலத்திற்குத் தேவை என்று சான்று வாங்கக் கூடியவருக்குப் பர்மிட் இருந்தது. புதரில் ஊறல் போட்டவனுக்கு லாக்கப் இருந்தது. வார்னிஷைக் குடித்து மாண்டவர் உண்டு, பர்மிட்டைக் காட்டி வாழ்ந்தவரும் உண்டு. அமெரிக்கா 1920 முதல் 1933 வரை கற்ற பாடத்தை நாம் 1971 வரை கற்றோம்.

1971 ஆகஸ்டில் கலைஞர் ஆட்சி மதுவிலக்கை ஒத்திவைத்தது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்குத்தான் மைய அரசின் ஈட்டுத்தொகை, முன்பே கொண்டுவந்த மாநிலத்துக்கு இல்லை என்ற விந்தை நீதி அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஒழுங்காய் இருந்த பிள்ளைக்குத் தண்டனை! முதுமையில் தளர்ந்த ஆச்சாரியார் முதலமைச்சரின் இல்லம் தேடிச்சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்கப்படவில்லை. 1973இல் கள்ளுக்கடைகளும், 1974இல் சாராயக்கடைகளும் அதே ஆட்சியால் மூடப்பட்டன. அதற்குள் ஒரு தலைமுறை கடைக்குப் போகக் கற்றுக்கொண்டது. அது நம்மவர் ஆட்சி என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது பகுத்தறிவாகாது.

1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மீண்டும் திறந்தது. 1983இல் டாஸ்மாக் என்னும் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் மொத்த விற்பனைக்காகத் தோன்றியது. 1987 சனவரி முதல் நாள் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. ஆலையில் புட்டியில் அடைத்த சீமைச் சரக்குக்குத் தடையில்லை. நம் முதியவரின் கடைக்கு அன்றோடு பூட்டு.

இதைப் பேசும்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. கள்ளில் கலப்படம் என்றார்கள். கலப்படத்தைச் சோதிக்க ஆள் போட்டிருக்கலாம். கலந்தவனைச் சிறையில் தள்ளியிருக்கலாம். கலக்கத் தூண்டிய ஏலத்தை நிறுத்தியிருக்கலாம். மூன்றையும் செய்யாமல் மரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சர்க்கரைப்பாகில் காய்ச்சிய புட்டியைக் கையில் கொடுத்தார்கள் என்றார். புதுக்கள்ளில் சாராயச்சத்து நூற்றுக்கு நாலோ ஐந்தோ; புட்டியிலோ நூற்றுக்கு 42.8. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை இன்றும் நடக்கிறது. ஈரோட்டு வட்டாரத்தில் நல்லசாமி போன்றோர் நடத்தும் கள் இயக்கம் கேட்பதும் இதைத்தான். பனையும் தென்னையும் உழவனிடமும் மரமேறியிடமும் இருக்கின்றன. ஆலை யாரிடம் இருக்கிறது? கேள்வியில் நியாயம் இருக்கிறது.

முழு நியாயம் இருக்கிறதா? இங்கே முதியவரோடு நான் மாறுபடுகிறேன். நாலு பங்கு சத்துள்ள கள்ளைப் பத்து மொந்தை குடித்து வந்தவன் கையால் அடிபட்ட பெண், நூற்றுக்கு எத்தனை என்று கணக்கா கேட்பாள்? “கள் உணவு” என்ற பேச்சு குடிப்பவன் வாயில் இனிக்கும். அவர் நோட்டைக் காட்டி அனுப்பினாரே, அந்தப் பெண்ணின் வீட்டில் அன்று உலை ஏறியதா என்பதை எந்தக் கள் இயக்கமும் எழுதி வைக்கவில்லை. கள்ளை வீழ்த்திப் புட்டியை வளர்த்த வஞ்சத்தைக் கண்டிப்பதற்காகக் கள்ளுக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை.

2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே ஏற்றது. தனியார் ஏலம் ஒழிந்தது. கணக்குப்படி பார்த்தால் முதியவரின் குறை தீர்ந்திருக்க வேண்டும். கடையில் இருப்பவர் தொகுப்பூதியக்காரர். விற்பனை கூடினாலும் குறைந்தாலும் அவருக்குக் கிஸ்தி இல்லை. “இப்போது ஏலமில்லையே ஐயா?” என்றேன்.

சிரித்தார். “ஏலம் எங்கீங்க தம்பி போச்சு? முன்னே நான் எடுத்தேன். இப்போ சர்க்காரே எடுத்துக்குச்சு.”

எத்தனை ஏடுகள் புரட்டினாலும் இவ்வளவு சுருக்கமாக எனக்குக் கிடைத்திராது. 2023–24ஆம் ஆண்டில் மதுவிலிருந்து அரசு பெற்ற வரி வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதுதான் இன்றைய கிஸ்தி. நிதிநிலை அறிக்கை என்பது கட்ட வேண்டிய தேதி. நலத்திட்டங்களுக்குப் பணம் வேண்டும்; ஆகவே குறையக்கூடாது. குறையக்கூடாது என்று மேலே ஒருவர் நினைத்தாலே போதும், கீழே எவனும் ஊக்கி விற்க வேண்டியதில்லை. கடை இருக்கும் இடமும் எண்ணிக்கையும் தாமே விற்கும்.

உலகம் இதை முன்பே பார்த்திருக்கிறது. சுவீடனில் கோதன்பர்க் நகரம் 1865இல் கடை உரிமங்களை ஒரே கம்பெனிக்குக் கொடுத்து, பங்குதாரருக்கு அளவான வட்டி மட்டும், மிச்ச இலாபம் நகரத்துக்கு என்று ஏற்பாடு செய்தது. விற்பவனுக்கு இலாப ஆசை இருக்கக்கூடாது என்பது கருத்து. அருமையான கருத்து! ஆனால் இலாபம் நகரசபைக்குப் போயிற்றல்லவா? வரியைக் குறைக்க அது உதவியது. நகரசபைக்கே ஆசை வந்துவிட்டது என்று பின்னர் குறை எழுந்தது. இங்கிலாந்தில் கார்லைல் நகர வட்டாரத்தில் 1916இல், முதல் உலகப்போரின் வெடிமருந்துத் தொழிலாளரிடையே குடி பெருகியதால், அரசாங்கம் மதுக்கடைகளையும் வடிப்பாலைகளையும் தானே வாங்கி நடத்தியது. பல கடைகள் மூடப்பட்டன. மேலாளருக்குச் சம்பளம், உணவும் மதுவல்லாத பானமும் விற்றால் மட்டும் கமிஷன். கூலி கையில் புரளும் சனிக்கிழமையில் கடுஞ்சாராயம் விற்கவே தடை விதித்தார்கள். 1973 வரை அந்த ஏற்பாடு நீடித்தது.

வாரக் கூலியையும் கணக்குநோட்டையும் அறிந்த நம் முதியவர், சனிக்கிழமைத் தடையைச் சொன்னபோது தலையை ஆட்டினார். “அதைச் செஞ்சிருந்தா எனக்குப் பாதிக் கடை படுத்திருக்கும்” என்றார். ஒரு கடைக்காரன் ஒரு சட்டத்துக்குத் தரக்கூடிய உயர்ந்த பாராட்டு அதுதானே!

அவருடைய கருத்துகளைத் தொகுத்துக் கேட்டேன். ஏலம் கூடாது. உரிமத்துக்கு ஒரே கட்டணம். கடனுக்கு விற்றால் உரிமம் போக வேண்டும். பானையையும் புட்டியையும் சோதிக்க ஊருக்கு வெளியே இருந்து ஆள் வர வேண்டும். உள்ளூர் ஆளுக்கு மாமூல் பழகிவிடும். கடையை அடியோடு மூடுவதா? அதில் அவருக்கு நம்பிக்கையில்லை. மூடிய காலத்தையும் பார்த்தவர் அவர். 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை எடுத்துக்காட்டினார். ஆனால் தோழர்களே, அது கடைகள் திறந்திருந்த காலத்தில் நடந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது. திறந்திருந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்று சொன்ன வாதமும் அங்கேதான் பிணமாய்க் கிடந்தது. புட்டி வாங்கக் காசில்லாதவன் சாராய உறையை வாங்கினான்.

மூடச் சொல்லி உயிர் கொடுத்தவரும் இந்தச் சேலத்துச் சமவெளிக்காரர்தான். காந்தியவாதி சசிபெருமாள் 2015 சூலை 31இல் குமரி மாவட்டத்தில் ஒரே ஒரு கடையை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தில் ஏறி நின்று மாண்டார். அந்தப் போராட்டத்திற்குப் பின்னர் 2016இலும் 2017இலும் 2023இலும் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளைக் குறைத்தார்கள். கடையின் எண்ணிக்கை குறைந்தது. கருவூலத்தின் தொகை குறையவில்லை. இதிலிருந்தே தெரியவில்லையா, எதைக் குறைக்க வேண்டும் என்று?

இன்றைய பள்ளிபாளையத்தில் விசைத்தறிச் சத்தம் இரவும் ஓயாது. சேஷசாயி காகித ஆலை இருக்கிறது. சர்க்கரை ஆலை இருக்கிறது. கந்துவட்டியும் நுண்கடனும் நெருக்க, தறித் தொழிலாளர் சிறுநீரகத்தை விற்ற செய்தி இந்த வட்டாரத்திலிருந்து 2025இல் வந்து நாட்டைத் திடுக்கிட வைத்தது. அந்தக் கடனுக்கெல்லாம் குடிதான் காரணம் என்று சொல்பவன் கூலியைப் பற்றிப் பேச அஞ்சுபவன். குடிக்கும் அதில் பங்கில்லை என்பவன் அந்த வீடுகளுக்குள் போகாதவன்.

புட்டிகள் விற்கப்படுவது எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்! சில்லறை விற்பனைக்கான 2003ஆம் ஆண்டு விதிகளும் அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தால் எழுதப்பட்டவையே. பெயரை மாற்றவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை, பொருளை நிறைவேற்றவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

விடைபெறும்போது முதியவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தம் கடையில் அளவு மீறியவனை, கிஸ்தி இடித்த நாளிலும் சில சமயம், “போதும், வீட்டுக்குப் போ” என்று எழுப்பி அனுப்பியதுண்டாம். அவன் அப்பனைத் தெரியும், பிள்ளைகளைத் தெரியும்.

“இப்போ அந்தக் கம்பிவலைக்கு உள்ளே நிக்கற பையன் அப்படிச் சொல்லலாமுங்களா தம்பி? சொன்னா அவன் வேலை இருக்குமுங்களா?”

பாலத்தில் ஈரோட்டுப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.